முன்பக்கச் சத்தமும் லோயர் ஆர்மும்: மாற்றுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள்

சின்ன காரின் முன்பக்கத்திலிருந்து "டொக்" என்றோ "டக் டக்" என்றோ சத்தம் வர ஆரம்பித்தால், ஒர்க் ஷாப்பில் முதலில் காதில் விழும் பெயர், முன்சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம். சில நேரம் அது சரியாகவே இருக்கும். பல நேரம் சத்தம் வேறெங்கிருந்தோ வந்திருக்கும். இரண்டு ஆர்மையும் மாற்றிப் பணம் கட்டி வெளியே வந்த பிறகும் அதே வேகத்தடையில் அதே சத்தம் கேட்கும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சத்தம்தானே என்று விட்டுவிட்டு, தேய்ந்த பால் ஜாயிண்டோடு நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கார் வாங்கிச் சில வருடமே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்களே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எது ஆடுகிறது என்று கண்ணால் பார்த்து, கையால் அசைத்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உதிரிபாகம் வாங்க வேண்டும் என்கிறேன். இதற்கு ஒரு டார்ச், ஒரு ஜாக்கி, கூட ஒரு ஆள், அரை மணி நேரம் போதும்.

ஆர்ம் என்ன வேலை செய்கிறது

ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ என்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பு இது. 1950இல் ஃபோர்டு இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய கான்சல், ஸெஃபிர் கார்கள் மூலம் பரவலான உற்பத்திக்கு வந்தது. பாகங்கள் குறைவு, செலவு குறைவு, இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைக்க இடமும் கிடைக்கிறது. சின்ன கார்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனை பாடியில் மாட்டியிருக்கும். கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்ந்திருக்கும். அந்த நக்கிளின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். நக்கிள் பக்கம் ஒரு பால் ஜாயிண்ட். வண்டியின் உள்பக்கம், அடியில் குறுக்கே ஓடும் சட்டமான கிராஸ் மெம்பரில், பெரும்பாலான வண்டிகளில் முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் புஷ்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். வண்டியின் எடை ஆர்ம் வழியாகப் போவதில்லை, ஸ்ட்ரட் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. சக்கரம் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நகராமல் பிடித்து வைப்பதுதான் ஆர்மின் வேலை. பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னோக்கி இழுபடும், பள்ளத்தில் இறங்கினால் பின்னோக்கித் தள்ளப்படும், திருப்பத்தில் பக்கவாட்டில் அழுத்தப்படும். ஆர்மில் பழுது இருந்தால் அது முதலில் வெளிப்படுவதும் இந்த நேரங்களில்தான்.

எது கெடும்

பெரும்பாலும் முதலில் போவது புஷ். இரண்டு உலோக உருளைகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டியிருப்பார்கள். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் முறுக்கி முறுக்கி வெடிப்பு விடும். இரண்டில் பின்புறப் புஷ்தான் பெரும்பாலான வண்டிகளில் பெரியது. பிரேக்கின் இழுப்பையும் பள்ளத்தின் அடியையும் உறிஞ்சுவதற்காக அதை மென்மையாகச் செய்திருப்பார்கள், அதனால் அதுவே சீக்கிரம் கிழியும்.

பால் ஜாயிண்ட் என்பது நம் இடுப்பு மூட்டு மாதிரி: கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. அதைச் சுற்றி கிரீஸ், வெளியே ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் தேய்மானம் வேகமாக நடக்கும். முற்றிலும் தேய்ந்த உருண்டை கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும், ஸ்டீயரிங் கட்டுப்பாடு போய்விடும். எனவே இரண்டையும் ஒரே மாதிரி நினைக்காதீர்கள். கிழிந்த புஷ்ஷோடு மெதுவாக ஓட்டிக்கொண்டு அடுத்த வாரம் ஒர்க் ஷாப் போகலாம். பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, ஆர்மே வளைவது. பெரிய பள்ளத்தில் வேகமாக விழுந்தாலோ, நடைபாதைக் கல்லில் சக்கரம் மோதினாலோ இது நடக்கும். கடலோர ஊர்களில் துரு பிடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகடு வளைத்துச் செய்த ஆர்மில், சேறும் உப்புக்காற்றும் தங்கும் உள்மடிப்பில்தான் துரு ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுலபத்தில் தெரியாது.

முதல் படி: ஓட்டிப் பார்ப்பது

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எதுவும் தளர்வாக ஆட வேண்டாம். கண்ணாடியை இறக்கி, ஆடியோவையும் ஏசி ஃபேனையும் அணைத்துவிடுங்கள்.

ஆள் இல்லாத சமதளத்தில் 10, 15 கி.மீ. வேகத்தில் முன்னே போய்ச் சட்டென்று பிரேக் பிடியுங்கள். பிறகு ரிவர்ஸில் வந்து அதேபோல் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு "டொக்" கேட்டால் ஆர்ம் புஷ் மீது சந்தேகப்படலாம். கிழிந்த புஷ்ஷில் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கும் சத்தம் அது. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், 80 கி.மீ. வேகத்தில் நேர்ச்சாலையிலேயே ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பதும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வதும் இதோடு சேர்ந்து வரலாம். ஆனால் இவை மூன்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஆர்ம் சத்தம் என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதில் முதலிடம் லிங்க் ராடுக்குத்தான். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்க இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு அல்லது ஆர்மோடு இணைக்கும் சின்னக் கம்பி அது. விலையும் ஆர்மை விடப் பல மடங்கு குறைவு. இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகப் போங்கள். அப்புறம் ஒரு சக்கரம் மட்டும் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்படி கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போங்கள். இரண்டும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை, லிங்க் ராடுக்கும் வேலை இல்லை. ஆகவே நேராக ஏறும்போது அமைதியாக இருந்து, ஒற்றைச் சக்கரம் ஏறும்போது மட்டும் "டக டக" என்றால் லிங்க் ராடையும், பாரைப் பிடித்திருக்கும் ரப்பரையும் முதலில் பாருங்கள்.

கரடுமுரடான சாலையில் வரும் கடகடப்பு பிரேக் பெடலை லேசாக அழுத்தியவுடன் நின்றுவிட்டால் அது பிரேக் பேடோ அதைப் பிடித்திருக்கும் காலிபரின் பின்னோ ஆடும் சத்தம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டர் கொடுத்துத் திரும்பும்போது "கட கட கட" என்று தொடர்ந்து வந்தால், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் ஜாயிண்ட். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே மேலிருந்து "டங்" என்றால், பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் கை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். அதிர்வு கையில் தெரிந்தால், ஸ்ட்ரட்டைப் பாடியில் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்.

இரண்டாவது படி: தூக்கிப் பார்ப்பது

கெட்டியான சமதளம் வேண்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கியை வண்டியின் பக்கவாட்டு அடிவிளிம்பில் அதற்கென்று குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள், ஆர்முக்கு அடியில் வேண்டாம். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டை முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தப் படியை ஒர்க் ஷாப் ராம்ப்பில், நீங்கள் கூடவே நின்று, செய்யச் சொல்லுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12 மணிக்கும் 6 மணிக்கும் உள்ள இடத்தில், பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். லேசாக "டிக்" என்று ஆட்டம் தெரிந்தால் அது பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். கூட இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது அதைச் சார்ந்த இணைப்பு. அடுத்து 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே மட்டும் தெரியும் ஆட்டம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ராக் பக்கம் போகிறது.

பால் ஜாயிண்டை உறுதிப்படுத்த, இன்னொருவர் சக்கரத்தை ஆட்டும்போது ஆர்மும் நக்கிளும் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக அசைந்தால் போதும், வேறு சோதனை வேண்டாம். உறை கிழிந்து சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்து, ஆட்டம் இன்னும் வரவில்லை என்றாலும் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்ஷுக்கு ஒரு நீண்ட நெம்புகோல் வேண்டும். ஆர்முக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே வைத்து மிதமாக நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் இசைந்து கொடுத்துத் திரும்பி வரும். கெட்டது திடீரென்று நகர்ந்து உலோகத்தில் இடிக்கும். ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் இருப்பது வயதானால் சகஜம், அதற்காக மாற்ற வேண்டாம். வெடிப்பு ஆழமாகப் போயிருந்தால், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால், நடு உருளை மையத்திலிருந்து விலகியிருந்தால் மாற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பின்புறப் புஷ்களில் பிறை வடிவ இடைவெளிகளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அதைக் காட்டி "கிழிஞ்சிருச்சு சார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மறுபக்கப் புஷ்ஷையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே வடிவத்தில், ஓரம் வழுவழுப்பாக இருந்தால் அது வடிவமைப்பு. ஓரம் பிய்ந்து ஒழுங்கில்லாமல் இருந்தால் கிழிசல்.

ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். டயரின் முன்விளிம்பிலிருந்து சக்கர வளைவு வரை உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் தெளிவாகப் பின்தள்ளி இருந்தால், ஆர்மோ அதைத் தாங்கும் கிராஸ் மெம்பரோ வளைந்திருக்கலாம். வளைந்த ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறோம், விரிசலுக்கு வெல்டிங் வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடுபட்ட எஃகின் வலிமை மாறிவிடும். பழைய பலம் அதில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

மூன்றாவது படி: எதை வாங்குவது

பால் ஜாயிண்ட் சில வண்டிகளில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும், அதை மட்டும் தனியாக மாற்றலாம். சிலவற்றில் ரிவெட் அடித்தோ ஆர்மோடு ஒரே பாகமாகவோ வரும், அங்கே முழு ஆர்ம்தான். புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் விலை மிகக் குறைவு. ஆனால் அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ரப்பர் ஒட்டு விட்டுப்போகும். பழைய புஷ்ஷைக் கழற்றும் முன் அது எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆர்மில் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். திசை மாறினால் மென்மையாக இருக்க வேண்டிய பக்கம் கெட்டியாகிவிடும்.

என் கணக்கு இதுதான். வண்டி பழையது, பால் ஜாயிண்டும் அதே வயது என்றால் முழு ஆர்மாக வாங்கிவிடுங்கள். பிரிப்பதற்கான கூலி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, பக்கத்தில் பிரஸ் உள்ள பட்டறையும் இருந்தால் புஷ் மட்டும் போதும். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா? வயதினால் தேய்ந்தது என்றால் மறுபக்கமும் பின்னாலேயே வரும், சேர்த்து மாற்றுவது நல்லது. பள்ளத்தில் அடிபட்டு ஒன்று வளைந்தது என்றால் மற்றதைச் சோதித்துவிட்டு விட்டுவிடலாம். இடது, வலது ஆர்ம்கள் வேறு வேறு என்பதால் பாக எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி உதிரிபாகக் கடைகள் நிறைந்த இடத்தில் வாங்கினாலும் பெட்டியில் எம்.ஆர்.பி., பாக எண், தயாரித்த மாதம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். லோயர் ஆர்ம் மட்டும் வேண்டாம். அது எந்த விபத்தில் இருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது படி: மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

வேலையின் வரிசை பெரிதாக ஒன்றும் இல்லை. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பால் ஜாயிண்டை நக்கிளிலிருந்து விடுவித்து, உள்பக்கப் போல்ட்டுகளை எடுத்தால் ஆர்ம் வெளியே வந்துவிடும். பால் ஜாயிண்ட் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அதைக் கயிறு கட்டியோ கையால் பிடித்தோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸிலின் உள்ஜாயிண்ட் இழுபட்டுக் கழன்று, இல்லாத வேலை ஒன்று வந்து சேரும். கழற்றிய பூட்டு நட்டுகளையும் ஸ்ப்ளிட் பின்னையும் திரும்பப் போடாமல் புதியவை போடச் சொல்லுங்கள்.

இனி சொல்லப்போவதைப் பல இடங்களில் செய்வதில்லை. புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்கு முக்கியமான காரணமும் அதுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கினால், நடு உருளை அந்தச் சாய்விலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதற்கப்புறம் வண்டி சும்மா நிற்கும்போதுகூட அந்த ரப்பருக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஏற்கெனவே முறுக்கிய நிலையிலிருந்து இன்னும் முறுக்கும். தரமான கம்பெனிப் புஷ் ஆனாலும் தாங்காது. அப்புறம் "ஸ்பேர் சரியில்லை" என்ற பேச்சு வரும்.

சரியான முறை இதுதான். போல்ட்டுகளை ஆட்டம் இல்லாத அளவுக்கு மட்டும் கையால் இறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டுப் பிறகு, சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுதியாக இறுக்க வேண்டும். அடியில் புகுந்து இறுக்க இடமில்லை என்றால், சக்கரங்கள் தாங்கி நிற்கும் வகை ராம்ப்பிலோ சர்வீஸ் குழியின் மேலோ வண்டியை நிறுத்திச் செய்யலாம். அதுவும் இல்லாத இடத்தில், நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கும்போது ஆர்ம் இருந்த அதே உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். கழற்றுவதற்கு முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துவைத்தால் அந்த உயரம் தெரியும். வேலை ஆரம்பிக்கும் முன்பே "அண்ணே, புஷ் போல்ட்டை வண்டியை இறக்கிட்டு டைட் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

அலைன்மென்டும் அதன் பிறகும்

ஆர்ம் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். சின்ன கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்யக்கூடியது. கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) அளவுகளைத் திருப்பி வைக்க வசதி இருக்காது, ஆனால் இயந்திரம் அவற்றையும் காட்டும். முன், பின் அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். புது ஆர்ம் போட்ட பிறகும் ஒரு பக்கக் காஸ்டரோ கேம்பரோ வரம்புக்கு வெளியே இருந்தால் நக்கிள், ஸ்ட்ரட், கிராஸ் மெம்பர் இவற்றில் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. டோவைத் திருப்பி அதைச் சரிக்கட்ட முடியாது. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி, நெம்பிப் பார்த்த கிழிசல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 100 கி.மீ. அளவுக்கு ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ் நீடிக்க வேண்டுமென்றால் வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். துரு பிடிக்காது என்று அடிப்பார்கள், ஆனால் ரப்பர் அதில் ஊறி உப்பி மிருதுவாகிக் கிழியும். ஆக்ஸில் ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்தாலும், இன்ஜின் ஆயில் ஒழுகி ஆர்ம் மேல் வடிந்தாலும் இதே கதிதான். கசிவைச் சரிசெய்யாமல் புதுப் புஷ் போடுவது வீண்.

வேகத்தடைக்கு ஐ.ஆர்.சி. 99 என்ற இந்திய விதிமுறை இருக்கிறது. 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு வளைவாக எழும் மேட்டை 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்பது அதன் 1988 பதிப்பின் கணக்கு. நம் தெருக்களில் இரண்டடி அகலத்தில் அதே உயரத்துக்கு எழுப்பிய மேடுகள்தான் அதிகம் என்பதால் நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடக்க வேண்டும். தவிர்க்க முடியாத பள்ளம் வந்தால் அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, விழும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் அழுத்திய நிலையில் விழுந்தால் வண்டியின் முன்பாரம் ஏற்கெனவே ஸ்பிரிங்கை அமுக்கியிருக்கும். பிரேக்கின் இழுப்பும் பள்ளத்தின் அடியும் ஒரே நேரத்தில் அந்தப் பின்புறப் புஷ்ஷின் மேல்தான் போய் விழும்.